மேல்மண்

வந்தவருக்கு மீசை இருந்தது. பொற்கொடிக்கு முதல் எரிச்சலே அதுதான். மேலுதட்டை முழுக்க மூடிக்கொண்டு கீழுதட்டின் மேலும் கொஞ்சம் கவிந்து கிடந்த மீசை. அப்படிப்பட்ட வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பது மழை நேரத்தில் பஸ் கண்ணாடி வழியாக ஊர்ப்பெயர் படிக்கிற மாதிரி, பாதி எழுத்து வழிந்து ஓடிவிடும். ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போனதிலிருந்து, நாற்பது வருஷமாக, மனிதர்களின் உதட்டைத்தான் அவள் படித்துக்கொண்டிருக்கிறாள். வாத்தியார் வாய், பஸ் கண்டக்டர் வாய், வெற்றிலை போட்ட வாய், பல் விழுந்த வாய், எல்லாம் பழக்கம். மீசைதான் இன்னும் பிடிபடவில்லை. சமையற்கட்டு ஜன்னலோரம் நின்று இறால் உரித்துக்கொண்டிருந்தவள், கம்பிக்கு வெளியே வாதநாராயண மரத்தடியைப் பார்த்தாள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் எண்ணெய்க் கம்பெனியிலிருந்து வந்திருக்கிற தேவசகாயம், நிலம் பேசி முடிக்கிற ஆள், முகம் வீட்டைப் பார்த்து. இன்னொன்றில் தம்பி இளவழகன், முதுகு வீட்டைப் பார்த்து. அதுதான் இறாலைவிட அதிகமாகக் கையில் குத்திக்கொண்டிருந்தது. தம்பிக்கு இது தெரியும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலும், பஸ்ஸில் சீட்டுப் பிடித்தாலும், பேசுகிற ஆளின் முகமும் தன் முகமும் அக்காவுக்குத் தெரிகிற மாதிரிதான் உட்காருவான், யோசிக்கக்கூட மாட்டான், உடம்பே திரும்பிக்கொள்ளும். இன்றைக்கு மறந்துவிட்டான். மறக்கிறவனா? வெயில் கண்ணில் அடிக்குமென்று திருப்பிப் போட்டிருப்பான். வெயிலே இல்லை, காலையிலிருந்து மூட்டமாகத்தான் கிடக்கிறது. இறாலின் தலையைத் திருகிப் போட்டாள், ஓட்டை உரித்தாள், முதுகுக் கோட்டைக் கிழித்துக் கறுப்பு நரம்பை இழுத்தாள், இழுக்கும்போதே ஜன்னலைப் பார்த்தாள். மீசை சொல்லிக்கொண்டிருந்தது: ‘நாங்க’ என்னவோ ‘உங்க’ என்னவோ, அப்புறம் உதடு ஒட்டிப் பிரிந்தது, ‘பணம் இல்லாம’. இல்லை, ‘மனம் இல்லாம’வாகவும் இருக்கலாம். உதட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். பணமும் மனமும் மணமும் ஒரே மாதிரி ஒட்டி ஒரே மாதிரி திறக்கும். எது என்று முன்பின் பேச்சை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே முன்பேச்சு முழுக்கத் தம்பியிடம் இருந்தது, தம்பி முதுகாக இருந்தான்.

முதுகையும் படிக்கலாம்தான். சட்டை தோள்பட்டையில் இறுகினால் அவன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிறான் என்று அர்த்தம். பிடரியைச் சொறிந்தால் பதில் கைவசம் இல்லை. வலது காது லேசாக மேலே ஏறினால் சிரிக்கிறான். காது ஏறவில்லை. அவன் மூன்று வயதுப் பிள்ளையாக இருந்தபோது அவளுக்குக் காது போயிற்று, அதனால் அவன் பேசக் கற்றுக்கொண்டதே அவளுக்குக் காட்டிப் பேசித்தான். ‘தம்பி’ என்கிற சொல்லில் உதடு சேரும், பார்த்தாலே தெரியும். ‘அக்கா’ என்று அவன் கூப்பிடுவது மட்டும் அவளுக்குத் தெரியவே செய்யாது. அந்தச் சொல்லில் உதட்டுக்கு வேலையே இல்லை, வாய் சும்மா திறந்து கிடக்கும், கொட்டாவி மாதிரி. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து அழுதிருக்கிறான் சின்னப்பிள்ளையில். பிறகு ஒருநாள் கிட்டே வந்து அவள் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கூப்பிட்டான், அன்றிலிருந்து அதுதான் கூப்பிடுகிற முறை. ஐந்தாறு வருஷம் முகவாயில் எப்போதும் அவன் கைமண் ஒட்டிக்கிடக்கும். அப்படிப்பட்டவன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மீசை மறுபடி பேசிற்று. இந்தத் தடவை வாய் அகலத் திறந்து, நாக்கு பல்லுக்குப் பின்னால் தட்டி, இரண்டு பக்கமும் இழுபட்டு மூடிற்று. பேசிவிட்டு அந்த ஆள் நேராக ஜன்னலைப் பார்த்தார். பொற்கொடி குனிந்துகொண்டாள். காட்டுறேன் என்றாரா? இல்லை. அந்த வாயசைவை அவள் வேறெங்கோ பார்த்திருக்கிறாள். எங்கே? கண்ணாடித் தடுப்பு, மின்விசிறி, தம்பி பக்கத்தில் நின்றான். பாங்க். ஆமாம், பாங்க் மானேஜர். அப்பா செத்த வருஷம் கணக்கு மாற்றப் போனபோது அவளை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் கேட்டார்: இவங்களுக்கு நீங்கதானே கார்டியன்? கார்டியன். அதேதான். இறால் ஓடு விரலில் ஏறி ரத்தம் துளித்தது.

கார்டியன் என்றால் அவளுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடுகிறவன். அவளுக்குத் தெரியும். காது கேட்காதோர் பள்ளியில் எட்டாவது வரைக்கும் படித்தவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும், அப்பாவே சொல்லியிருக்கிறார். அப்பா விட்டுப்போன நிலம் இருவர் பெயரிலும் இருக்கிறது. பிள்ளை பெயரில் மட்டும் எழுதச் சொன்ன சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பினார் அந்த மனுஷர். அதனால் கம்பெனிக்கு இருவர் சம்மதமும் வேண்டும். இல்லையென்றால் ஒருத்தியை ஒன்றும் தெரியாதவளாக்கிவிட வேண்டும். ஒன்றும் தெரியாது சார் அதுக்கு, காதும் கேக்காது, வாயும் சரியா வராது. இப்படித் தம்பி சொல்லியிருப்பானா? முதுகு அசையாமல் இருந்தது. சொல்ல மாட்டான். சொன்னால்தான் என்ன, அவளேதான் உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டாளே. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டான், சோற்றைப் பிசைந்தபடி, முகத்தை நன்றாக நிமிர்த்திக் காட்டி: நம்ம நிலத்துலயும் தோண்ட கேக்கறாங்க, நீ என்ன சொல்றே? அவன் மனைவி வாசுகிகூட சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இவளையே பார்த்தாள். உன் இஷ்டம், என்று சொல்லிவிட்டு ரசம் எடுக்கப் போய்விட்டாள் பொற்கொடி. வாய் வரைக்கும் வந்த ஒன்றை ரசத்துக்குள் கரைத்துவிட்டாள். அது என்னவென்று யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் ஊரே காறித் துப்பும்.

முந்தின கோடையில் பக்கத்து நிலத்தில், கலியபெருமாள் நிலத்தில், துளை போட்டார்கள். இரும்புக் கோபுரம் நிறுத்தினார்கள், ரிக் என்றார்கள் அதை. லாரி லாரியாகக் குழாய் வந்து இறங்கிற்று. ஊர்க்காரர்கள் கண்ணெல்லாம் சிவந்து நடமாடினார்கள், தூக்கமில்லை, பேச்செல்லாம் அந்தச் சத்தத்தைப் பற்றித்தான், இராப்பகலாக உறுமுகிறதாம், இடிக்கிறதாம், பிள்ளைகள் வீறிட்டு எழுந்திருக்கின்றனவாம். நீ குடுத்து வச்சவ பொற்கொடி, உனக்கு ஒண்ணும் கேக்காது, என்று எதிர்வீட்டு அம்மாள் கைஜாடையோடு சொன்னாள். பொற்கொடியும் தலையாட்டினாள். ஆனால் அந்த நாட்களில்தான் அவளுக்கு நெஞ்சுக்குள் என்னவோ புதிதாக ஆரம்பித்திருந்தது. ஒரு துடிப்பு. இதயத்தோடு சேராமல், அதற்குப் பக்கத்தில், வேறொரு தாளத்தில். படுத்தால் கூடும், நின்றால் குதிகாலில் இறங்கும். இருதய நோய்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். அம்மாவும் அப்படித்தான் போனாள். தம்பியிடம் சொன்னால் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவான், நாற்று விடுகிற நேரம், வேண்டாம் என்று பொத்தி வைத்துக்கொண்டு, சாவதற்கு முன்னால் வாசுகிக்கு ஊறுகாய்ப் பக்குவம் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஒரு காலையில் தவலைத் தண்ணீரில் கையை விடப் போனவள் அப்படியே நின்றாள். தண்ணீர் மேலே வட்டம் வட்டமாக அலை. யாரும் தொடவில்லை. காற்றில்லை. அவள் நெஞ்சில் எது அடித்ததோ அதுவேதான் தண்ணீரிலும் அடித்தது. அது வெளியிலிருந்து வந்தது! நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக வெளியிலிருந்து ஒன்று, யாரும் வாயசைக்காமல், யாரும் முகத்தைத் திருப்பிப் பிடிக்காமல், தானாக அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. தனியாக நின்று சிரித்தாள். சத்தமாகச் சிரித்தாளோ என்னவோ, தெரியாது. அதற்குப் பிறகு வாசுகி வேலைக்குப் போனதும், தம்பி வயலுக்குப் போனதும், பின்னறைச் சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வாள். சில நாள் அது கரகரவென்று இருக்கும், தோசைக்கல்லைச் சுரண்டுகிற மாதிரி பல் வேரில் ஏறும். சில நாள் கனத்து, நின்று நின்று, யாரோ பெரிய ஆள் மாடிப்படியில் இறங்கிப் போகிற மாதிரி. எங்கே இறங்கிப் போகிறார்? இன்னும் கீழே, இன்னும் கீழே. அவளும் கூடவே இறங்குவாள். வாய்க்காலில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது என்று ஊரே பொருமிக்கொண்டிருந்த நாட்களில் அவள் அந்தப் பாழாய்ப்போன சத்தத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். பிறகு வேலை முடிந்தது என்று கோபுரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஊர் நிம்மதியாகத் தூங்கிற்று. தரை செத்துப்போயிருந்தது. ஏழு வயதில் காது போனது அவளுக்கு நினைவில்லை, காய்ச்சலில் கிடந்தாள். இந்தத் தடவை நல்ல நினைவோடு இருக்கும்போதே போயிற்று.

அதனால்தான் ஆசையாக இருந்தது. வெட்கமாகவும். நம் நிலத்தில் தோண்டினால் வீட்டுக்குப் பின்னாலேயே தோண்டுவார்கள், இன்னும் பலமாக வரும், தரையில் படுக்கக்கூட வேண்டாம், சும்மா நின்றாலே போதும். இப்படி நினைத்த உடனே தம்பியின் கால் கண்ணில் வந்து நிற்கும். திருப்பூர்ச் சாயப்பட்டறையில் நாலு வருஷம் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சாயத்தண்ணியில் நின்றவன், அப்பா படுத்ததும் திரும்பி வந்தான். வந்தவன் அன்றைக்கே செருப்பைக் கழற்றினான், இன்றுவரை வயலுக்குச் செருப்பில்லாமல்தான் போகிறான். வெடித்த காலில் கருவேலமுள் ஏற்றிக்கொண்டு வருவான். ஊக்கைத் தீயில் காட்டி அவள்தான் எடுத்துவிடுவாள், அவன் வாய் பெரிதாகத் திறக்கும், அலறுகிறான் என்று தெரியும், அலறட்டும், அவளுக்கென்ன. இப்போது உளுந்து போட்டிருக்கிறான். பூ வந்துவிட்டது. அந்த மஞ்சளை அழித்துக் கருங்கல் ஜல்லி கொட்டுவார்கள். கலியபெருமாள் நிலத்தில் பார்த்தாளே, லாரி நிற்க வேண்டுமென்று கொட்டி, உருளை விட்டு நசுக்கினார்கள். மீசை இப்போது நிலப்படத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு விரலால் கீழே கீழே குத்திக் காட்டிற்று. ‘அடியில’ என்றது, அது தெளிவாகத் தெரிந்தது, ‘கெவருமெண்டு’ என்றது, அப்புறம் ‘மேல்மண்ணு’. உதடு ஒட்டித் திறந்து மறுபடி ஒட்டித் திறக்கிற அழகான சொல். அடியில் இருப்பதெல்லாம் அரசாங்கத்துடையது, உங்களுடையது மேல்மண் மட்டும் என்கிறார் போல. எவ்வளவு ஆழம் வரைக்கும் மேல்மண்? ஏர் போகிற வரைக்குமா, வேர் போகிற வரைக்குமா? அப்பா தண்ணீருக்கு போர் போட்டபோது ஆழம் போகப் போகக் கறுப்பு மணலும் கிளிஞ்சலும் வந்தது. ஒரு காலத்துல இங்கெல்லாம் கடல் இருந்துச்சு என்று அப்பா வாயைப் பெரிதாக அசைத்துச் சொன்னார், அவளும் நமக்குக் கீழே ஒரு கடல் இருக்கிறது, அது அப்பாவுடையது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். பட்டா எழுதுகிறவர்கள் நீளம் அகலம் எழுதுகிறார்கள், ஆழம் எழுதுவதில்லை. அவளுடைய நெஞ்சில் வந்து அடித்ததே ஒன்று, அது அடியிலிருந்துதானே வந்தது, அப்போது அதுவும் அரசாங்கத்துடையதா? தேவசகாயம் மறுபடி அந்தச் சொல்லைச் சொன்னார். கார்டியன். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் கையையே நீட்டினார்.

தம்பி எழுந்தான். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் மல்லாந்து விழுந்தது. இரண்டு காதும் ரத்தம் கட்டின மாதிரி சிவந்திருந்தன. தேவசகாயத்தின் வாய் ‘தம்பி, தம்பி’ என்று இரண்டு தரம் ஒட்டிப் பிரிந்தது. தம்பி விறுவிறுவென்று வீட்டுக்குள் வந்தான், சமையற்கட்டு வாசலில் ஒரு கணம் நின்றான், நேரே வந்து அவள் வலது மணிக்கட்டைப் பிடித்தான். மணிக்கட்டை இப்படிப் பிடிப்பது கைநாட்டு வாங்குவதற்கு. பெரிய அத்தை சாகக் கிடக்கும்போது இப்படித்தான் பிடித்தார்கள், கட்டை விரலில் மை தடவி, பிடித்து அழுத்தி. எட்டாவது படித்தவளடா நான், முத்து முத்தாக எழுதுவேனடா. “கை கழுவல,” என்று மட்டும் சொன்னாள். “கெடக்கட்டும், வா,” என்றான் அவன். இறால் வாடையும் விரல் ரத்தமுமாக அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனான். விழுந்த நாற்காலியை நிமிர்த்தி, தேவசகாயத்துக்கு நேரெதிரே இழுத்துப் போட்டு, அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தான். பிறகு அந்த ஆளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான், அவன் முகம் முழுக்க அவளுக்குத் தெரிகிற இடத்தில். உதட்டை நன்றாகத் திறந்து மூடிப் பேசினான்.

“சார், இவங்க எங்க அக்கா. மூத்தவங்க. இவங்களுக்கு கார்டியன் கீர்டியன் யாரும் கெடையாது. எங்கிட்ட கேட்டதெல்லாம் மொதல்லேருந்து இவங்களைக் கேளுங்க. மூஞ்சியப் பாத்துப் பேசுங்க. மீசைய கொஞ்சம் ஒதுக்கிக்குங்க.”

தேவசகாயம் திடுக்கிட்டுப் போனார். கெட்ட மனுஷர் இல்லை போலிருக்கிறது. இரண்டு விரலால் மீசையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார், மூக்குச் சளி துடைக்கப்படுகிற பிள்ளை மாதிரி. அதற்குக் கீழே சின்ன, மெல்லிய, சாதுவான உதடு இருந்தது.

“அம்மா, உங்க நெலத்தை கம்பெனிக்கு குத்தகைக்கு விட உங்களுக்குச் சம்மதமா?”

வேற்று ஆட்கள் முன்னால் அவள் பேசி வருஷக்கணக்காயிற்று. அவள் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, கேட்கிறவர்கள் முகம் கோணுவதை வைத்து நன்றாக இருக்காது என்று மட்டும் தெரியும். தொண்டையில் கையை வைத்துக்கொண்டாள். அப்படி வைத்தால் வார்த்தை வெளியே போகிறதா இல்லையா என்று தெரியும்.

“எவ்ளோ ஆழம் போவும்?”

“மூணு கிலோமீட்டர் கிட்டப் போவும்மா. ஆனா அது உங்க கணக்குல வராது. உங்களுது மேல்மண்ணு மட்டுந்தான்.”

“அந்த மேல்மண்ணை என்ன பண்ணுவீங்க?”

“வழிச்சு ஓரமா குமிச்சு வச்சிருப்போம். முடிஞ்சதும் பழையபடி பரப்பிக் குடுத்துருவோம்.”

“பழையபடி வெளையுமா?”

மீசையைப் பிடித்திருந்த விரல் தளர்ந்தது. அவர் பதில் சொன்னாரா என்று தெரியவில்லை, மீசை விழுந்துவிட்டது. பொற்கொடி அவருக்குப் பின்னால் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான், மேலும் கீழும். சரியென்று சொல்லு, என்கிற ஆட்டம். அவளுக்குப் புரியவில்லை. திரும்பவும் ஆட்டினான். உதட்டை மட்டும் அசைத்து, அந்த ஆளுக்குக் கேட்காமல் அவளுக்கு மட்டும் சொன்னான்: குடுத்துடலாம். முகம் சிரிக்கப் பார்த்தது. ஆனால் கீழே அவன் கால்விரல் பத்தும் மண்ணுக்குள் புதைந்திருந்தன, யாரோ இழுத்துக்கொண்டு போக வந்த மாதிரி கெட்டியாக ஊன்றிக்கொண்டு. நெஞ்சில் அந்தப் பழைய துடிப்பு நினைவாக ஒருதரம் வந்து போயிற்று. என்ன ருசியாக இருந்தது அது. ஒரு வார்த்தை சொன்னால் திரும்ப வந்துவிடும். தம்பியே சொல்லச் சொல்கிறான். தொண்டையில் வைத்த கை அதிர்ந்தது, அவள் நினைத்ததைவிடப் பலமாக.

“வேண்டாம்.”

தேவசகாயம் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார். ரொம்பச் சத்தமாகச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. அவர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார், பிறகு படத்தை மடித்தார், எழுந்து இவளைப் பார்த்துத்தான் கும்பிட்டார், தம்பியைப் பார்த்து இல்லை. “வர்றேம்மா,” என்றார், மீசையை ஒதுக்கிக்கொண்டு. அவருடைய மோட்டார் சைக்கிள் வாய்க்கால் மதகைத் தாண்டும் வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள். பிறகு தம்பி அவள் எதிரே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“ஏன் வேண்டாம்னே?”

“நீ ஏன் சரின்னே? முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து என்னடா சொல்லிக்கிட்டிருந்தே அவருகிட்ட?”

“குடுக்கறேன்னுதான் சொன்னேன். மூஞ்சியக் காட்டுனா மனசில்லாம சொல்றேன்னு நீ கண்டுபிடிச்சுருவே.”

“மனசில்லாம எதுக்குடா குடுக்கணும்?”

அவன் தரையில் கிடந்த சுள்ளியை எடுத்து ஒடித்தான். கீழே பார்த்துக்கொண்டு என்னவோ சொன்னான். பிறகு நினைவு வந்து முகத்தை நிமிர்த்தினான். கண் கலங்கியிருந்தது. “போன கோடையில மம்பட்டி எடுக்கலாம்னு பின்வாசல் வழியா வந்தேன். நீ தரையில குப்புறக் கெடந்தே. உசுரு போயிருச்சுன்னு நெனச்சேன்க்கா. ஓடியாந்தேன். கிட்ட வந்து பாத்தா கன்னத்தைத் தரையில வச்சுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டிருக்கே. அந்த மாதிரி நீ சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அப்பறம் நானும் வெளிய போயி தரையில கையை வச்சுப் பாத்தேன். புரிஞ்சுது. அவனுங்க கழட்டிக்கிட்டுப் போனப்பறம் நீ சோறு திங்காம சுத்துனதும் தெரியும். எனக்கு அது வெறும் எரிச்சல், ஊருக்கே எரிச்சல். உனக்கு அது ஒண்ணுதானே கேட்டுச்சு. கேக்கட்டுமேன்னு…” உதடு கோணிக்கொண்டது.

யாருக்கும் தெரியாதென்று வைத்துக்கொண்டிருந்த ஒன்றை இவன் ஒரு வருஷமாகத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறான், உளுந்து விதைக்கும்போதும், முள் எடுக்கக் காலை நீட்டும்போதும், ஒன்றும் தெரியாத முகத்தோடு. பொற்கொடி இறால் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“நல்லாத்தான் இருந்துச்சு தம்பி,” என்றாள். “பொய் சொல்ல மாட்டேன். ரொம்ப நல்லா இருந்துச்சு.”

“அப்பறம் என்ன?”

“அதுக்கு உன் வயலா?”

“நம்ம வயலு.”

“ஜல்லியக் கொட்டிட்டு அப்பறம் எங்கடா நடப்பே நீ?”

கோபம் வந்துவிட்டது அவனுக்கு. எழுந்து நின்று, கையை வீசி வீசி, நீ எப்பப் பாத்தாலும் இப்படித்தான், அம்மா செத்தப்பவும் உனக்குப் பாத்த மாப்பிள்ளைய எனக்காகத்தான் வேண்டாம்னே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா, எல்லாம் தெரியும், ஒரு தடவையாவது உனக்குன்னு ஒண்ணு கேட்டிருக்கியா, ஒரே ஒரு தடவை, என்று ஆரம்பித்தான். உதடு வேகமாக ஓடிற்று, எச்சில் தெறித்தது, நடுவில் அழுகை வேறு. இந்த மாதிரி பேச்செல்லாம் அவளுக்கு ஆகாது. ஆகாத பேச்சென்றால் கண்ணை மூடிக்கொண்டுவிடுவாள், அதோடு தீர்ந்தது, எப்பேர்ப்பட்டவனும் வாயை மூடித்தான் ஆகவேண்டும். இன்றைக்கு மூடவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தையும் தவறிப்போகாதபடி, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.